முருகேஸ்வரியின் வேனும் செப்புக் கொப்பரையும்

முருகேஸ்வரியின் வேனில் கடைசி இருக்கைக்கு முறை உண்டு. இந்த வாரம் ஒருத்தி, அடுத்த வாரம் இன்னொருத்தி என்று பெண்கள் தங்களுக்குள்ளேயே வகுத்துக்கொண்ட முறை அது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் மற்ற வேன்களில் சன்னலோரத்துக்காகச் சண்டை நடக்கும். இந்த வேனிலோ, கடைசியில் உட்காராமல் யார் தப்புவது என்பதற்குத்தான் சண்டை. துருவேறி அரித்துப்போன தரைத்தகட்டின் வழியாகவும், சரியாக மூடாத பின்கதவின் இடுக்கு வழியாகவும் புகை உள்ளே புகுந்துவிடும். அங்கே உட்கார்ந்து வந்தவளின் முந்தானையில், வேலை தொடங்குமுன்பே கரி படிந்திருக்கும்.

"கம்பெனியில வெள்ளி பூசி அனுப்புறாக. போற வழியிலேயே நீ கரி பூசிவிட்டுருத. ஒரே நாள்ல ரெண்டு வேசம் கட்டுறோம், முருகேசு" என்பாள் பொன்மணி. அந்த வேனில் மூத்தவள் அவள். வாய் ஓயாதவள்.

முருகேஸ்வரி தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் கடைசி இருக்கையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கியரை மாற்றுவாள்.

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் அவளுடையது. தாயும் தகப்பனும் பிறர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். அவள் தலையெடுத்த காலத்தில் காட்டு வேலை அருகிப்போய், விடியற்காலையில் வேன் வந்து ஆளேற்றிப் போகும் வழக்கம் வந்துவிட்டது. அவளும் ஏறினாள். கம்பி மத்தாப்பு அடுக்கினாள், திரி வெட்டினாள், ஊர்க்காவலன் என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டபின் வெடிமருந்து செலுத்தும் அறைக்கு மாறினாள். அலுமினியத் தூள் படிந்து உடம்பெல்லாம் மினுங்க வீடு திரும்புவாள்.

அந்த அறைகளுக்கென்று சட்டங்கள் உண்டு. இரும்பு ஆகாது. சேலையில் குத்திய ஊக்கையும் கொண்டையில் செருகிய கொண்டையூசியையும் வெளியிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் கரண்டி பித்தளை, தட்டுவதற்கு மரக்கட்டை. நுழையுமுன், நிலையோரம் பதித்திருக்கும் செப்புத் தகட்டில் உள்ளங்கையை அழுத்த வேண்டும். உடம்பில் தேங்கியிருக்கும் மின்சாரம் அதன்வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பார்கள். ஆண்டுக்கணக்கில் அப்படிப் பழகியதில், இரும்பைக் கண்டால் கை தானாகப் பின்வாங்குவதும் செம்பைத் தொட்டால் நெஞ்சு தணிவதும் அவளுக்கு இயல்பாகவே ஆகிவிட்டன.

ஒரு சித்திரை மாதத்தில் பக்கத்து அறை வெடித்தது. முருகேஸ்வரிக்கு ஒரு கீறலும் இல்லை. கம்பெனி மறுபடியும் திறந்தபோது வழக்கம்போலக் கிளம்பிப் போனாள், ஊக்கைக் கழற்றினாள், தகட்டின் முன்னால் போய் நின்றாள். கை எழவில்லை. பின்னால் நின்றவர்கள் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். அவள் திரும்பி நடந்தாள். இனி அந்தத் தகட்டைத் தொடுவதில்லை என்று, வழியில் யாரிடமும் சொல்லாமல், தனக்குத்தானே முடிவு செய்துகொண்டாள்.

சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கும் ஊர்க்காவலன், அவள் வேன் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது, "ஓட்டுறதுன்னா ஓட்டு. நாலு பேரு சிரிச்சாகன்னு அழுதுக்கிட்டு வந்து நிக்காத" என்றான். சிரித்தவர்கள் நாலு பேருக்கு மேலிருக்கும். அவள் அழவில்லை. ஓட்டுநர் உரிமம் வாங்கினாள். ஆளேற்றிக்கொண்டிருந்த ஒருவர் தம்முடைய பழைய வேனை விற்றுத் தள்ளியபோது, மகளிர் குழுக் கடனில் அதை வாங்கினாள். தன்னோடு மருந்து செலுத்திய அதே பெண்களை அதே கம்பெனிக்கு ஏற்றிச் சென்றாள். வாசல்வரைக்கும் போவாள், உள்ளே போக மாட்டாள்.

கடைசியில் அந்த வாசலுக்கே ஆபத்து வந்தது.

பட்டாசுக் கம்பெனியின் வாசலை நெருங்கும் எந்த வண்டியும், புகைக்குழாயின் முனையில் வலைக்கூண்டு ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். இஞ்சினிலிருந்து பொறி ஏதும் பறந்தால் அந்த வலையிலேயே அடங்கிப் போவதற்காக. ஆனி மாதக் காலையொன்றில் மேனேஜர் ஜெயச்சந்திரன், முருகேஸ்வரியின் வண்டியிலிருந்த கூண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதலாளியின் உறவுக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி தவிர வேறு உடுத்தி அவரை யாரும் பார்த்ததில்லை.

"முருகேஸ்வரி, இங்கன வா. இது கூண்டா, கரிச்சட்டியா?"

"தினமும் சுரண்டித்தான் மாட்டுறேன் அண்ணாச்சி."

"சுரண்டுறது பெரிசில்லம்மா. இம்புட்டுக் கரியக் கக்குற வண்டி, என்னைக்காவது தணலையும் கக்கும். உள்ள என்ன இருக்குன்னு ஒனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. அவள் தலை குனிந்துகொண்டாள்.

"ஆடி முடியட்டும். ஆவணி பிறந்தா ஆர்டர் குவிஞ்சிரும். அன்னைக்கு ஒன் வண்டி புகையில்லாம இந்த மேட்டுல ஏறி வரணும். இல்லைன்னா தார்ரோட்டோட நின்னுக்க. சிவகாசியில ஒருத்தரு புது வண்டி விடுறேங்கார்; ஆளுக அதுல ஏறிக்கிடட்டும்." பிறகு, அவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவராய்ச் சொன்னார்: "அதுக்காக ஒன்னைய விட்டுருவோமா? மருந்து அறையில ஆள் பத்தல. நீ பழகின கை. எப்ப வேணும்னாலும் வா."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அவள் கூண்டை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடியும் வண்டியில் மாட்டினாள்.

அன்று மாலையே வண்டியைச் சாத்தூரில் இருக்கும் முனியராஜின் பட்டறைக்குக் கொண்டு போனாள். அவன் ஊர்க்காவலனுக்குச் சித்தப்பா மகன். அவளுக்குக் கொழுந்தன் முறை. டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிச் சரிசெய்தான், பம்பைத் திருத்தினான், காற்று வடிகட்டியை மாற்றினான். புகை சற்றுக் குறைந்தது. ஆனால், ஆளேற்றி மேட்டில் அழுத்தியபோது மறுபடியும் கறுப்பாகக் கிளம்பியது.

"இஞ்சினுக்கு வயசாயிருச்சு மதினி. கெழவனைப் புடிச்சு மலையேறுன்னா இருமத்தான் செய்வான். வேற இஞ்சின் போடணும்."

"அதுக்கு எங்க போறது? வேற வழி சொல்லுலே."

"வேற வழியா? விருதுநகர்ல பரோட்டா பொரிச்ச எண்ணெயில வண்டி ஓடுதாம். நீயும் ரெண்டு பரோட்டாவப் பிச்சு டேங்குல போட்டுப் பாரு. சால்னா வேணும்னா நான் வாங்கித் தாரேன்."

அவன் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது, அவள் சிரிக்காமல் நின்றிருந்தாள். "விருதுநகர்ல எங்கன?" என்று கேட்டாள்.

சூலக்கரைக்கு அப்பால், தகரக் கொட்டகை ஒன்றில் இருந்தது அந்த இடம். நடத்தியவள் பிரீத்திகா. எண்ணெய் வணிகம் செய்யும் குடும்பத்துப் பெண், பொறியியல் படித்தவள். விருதுநகரில் எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொரித்தெடுக்கும் பரோட்டாவுக்குப் பேர் உண்டல்லவா? மறுபடியும் மறுபடியும் காய்ந்து, உண்ணத் தகாததாகிவிட்ட அந்த எண்ணெயைக் கடை கடையாக வாங்கி வந்து, வடிகட்டி, காஸ்டிக் சோடாவும் மெத்தனாலும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்குவாள். கனமான கிளிசரின் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்பதைக் கழுவி, ஈரம் போக்கி எடுத்தால் பயோடீசல். வெல்லப் பாகின் நிறம். தண்ணீரைப் போன்ற ஓட்டம்.

கொட்டகையின் ஓரத்தில், கிணற்றில் நீரிறைக்கும் பழைய டீசல் இஞ்சின் ஒன்று நின்றது. பிரீத்திகா அதை முதலில் வெறும் டீசலில் ஓட்டினாள். பம்பின் வால்வைத் திருகிச் சுமையைக் கூட்டி, வெள்ளை வடிதாள் ஒன்றை இடுக்கியால் பற்றிப் புகைக்குழாயின் முன் பிடித்தாள். தாள் கறுத்தது. பிறகு, டீசலோடு ஐந்தில் ஒரு பங்கு பயோடீசல் கலந்து, அதே சுமையில் ஓட்டி, இன்னொரு தாளைப் பிடித்தாள். அது சாம்பல் நிறத்தோடு நின்றுகொண்டது.

முருகேஸ்வரி இரண்டு தாள்களையும் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இதுக்குள்ளேயே கொஞ்சம் ஆக்சிஜன் இருக்குக்கா. அதனால எரியிறது நல்லா எரிஞ்சிரும், கரி குறைவாத் தங்கும்" என்றாள் பிரீத்திகா. "ஆனா ஒண்ணு சொல்லிருதேன். இழுவை ஒரு பொட்டு குறையும். டீசலவிடக் கொஞ்சம் கூடக் குடிக்கும். புகையில நைட்ரஜன் ஆக்சைடுன்னு ஒரு வாயு இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. அது சில இஞ்சின்ல லேசாக் கூடவும் செய்யும்."

"விக்கிறவுக பொருளோட குறையையும் சேத்தா சொல்லுவாக, தாயி?"

"சொல்லலைன்னா, நீங்க மேட்டுல நின்னுக்கிட்டு என்னைய வைவீக. எங்க வீட்டுல வியாபாரம் பாத்துத்தான் வளந்திருக்கேன். வசவு வாங்குறது எனக்குப் பிடிக்காது."

முருகேஸ்வரிக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. பிரீத்திகா மேலும் இரண்டு செய்திகள் சொன்னாள். டீசல் தொட்டியின் அடியில் பல காலமாகப் படிந்திருக்கும் அழுக்கை இந்த எண்ணெய் கரைத்து இழுத்து வரும். ஆகையால், முதல் வாரத்திலேயே வடிகட்டியை மாற்றிவிட வேண்டும். அடுத்தது, எண்ணெயை இரும்பு டிரம்மிலோ கெட்டியான பிளாஸ்டிக் கேனிலோதான் வைத்திருக்க வேண்டும். அதைத் திரும்பத் திரும்பத் திறக்கக் கூடாது. இரண்டுக்கும் தலையாட்டினாள் முருகேஸ்வரி. முன்னதைத் தவறாமல் செய்தாள்.

முதல் முறை கேனோடு வாங்கி வந்ததை அப்படியே டீசலில் கலந்து ஊற்றினாள். வடிகட்டி அடைத்தது, மாற்றினாள். அதற்குப்பின் வண்டி பதமாக ஓடத் தொடங்கியது. புகைக்குழாயிலிருந்து வந்தது புகையா, வெறும் வெக்கையா என்று ஐயுறும்படி இருந்தது. கூடவே, எண்ணெய்ச் சட்டியின் வாசனையும் வந்தது.

"யாத்தே, கஞ்சி குடிச்சிட்டு வந்த வயித்துக்கு இப்படியா பரோட்டா வாசனை காட்டுறது?" என்று பொன்மணி அங்கலாய்த்தாள். "சால்னா எங்கடி முருகேசு? ஊர்நாயெல்லாம் வண்டி பின்னாலேயே வருது பாரு!"

பானுப்பிரியா சிரித்துக்கொண்டே எழுந்து கடைசி இருக்கைக்குப் போனாள். வாயும் வயிறுமாக இருப்பவள். புகை பட்டால் குமட்டும் என்பதால், அவளுடைய முறையையும் பொன்மணிதான் இதுவரை சுமந்து வந்தாள். "என் முறைய நானே பாத்துக்கிடுறேன் சித்தி. இனி எனக்காக யாரும் கரி திங்க வேணாம்" என்று சொல்லிவிட்டு, அங்கே போய்ச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். முருகேஸ்வரி அதைக் கண்ணாடியில் பார்த்தாள். ஆவணி வரட்டும் என்று நினைத்தாள்.

இரண்டாம் முறை, சீசன் நெருக்கத்தில் அடிக்கடி விருதுநகருக்குப் போக முடியாதென்று, நிறையவே வாங்கினாள். கேன்களைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வீட்டுக் கொல்லையில் இரும்பு டிரம் ஒன்று கிடந்தது. அதன் அருகே போனாள், மூடியின்மேல் கை வைக்கப் போனாள், கை பின்வாங்கியது. எரியும் பொருளை இரும்புக்குள் ஊற்றுவதா? இரும்பு மூடி இரும்பு விளிம்பில் உரசும் ஓசையை நினைத்ததும் அவளுக்கு உடல் கூசியது. படித்த பெண், இதுபோன்ற வேலையில் கைப்பழக்கம் இல்லாதவள், ஏதோ எளிதாகக் கிடைப்பதைச் சொல்லியிருப்பாள் என்று தோன்றிற்று. தாய்வீட்டுச் சீராக வந்த வெந்நீர்க் கொப்பரை பரணில் இருந்தது. முழுக்க முழுக்கச் செம்பு, பெரியது. இறக்கினாள், புளி போட்டுப் பொன்னாகத் துலக்கினாள், துடைத்து வெயிலில் காயவைத்தாள். எண்ணெயை அதில் ஊற்றித் தாம்பாளத்தால் மூடி, அடுப்படிக்கு எட்டாத தொலைவில் தனிக் கொட்டகையில் வைத்தாள். முகப்பதற்குப் பித்தளைச் சொம்பு. எல்லாம் முடிந்தபின், அதைவிடக் காப்பாக ஒரு பொருளை வைக்கவே முடியாது என்று அவளுக்கு மனம் நிறைந்தது.

ஆடி வெயில் கொட்டகையைச் சுட்டது. கொப்பரை குறையக் குறைய, எண்ணெயின் நிறம் கறுத்துக்கொண்டே வந்தது. விளிம்பில் மெல்லிய பசுமை படர்ந்தது. பழைய எண்ணெய்தானே, அப்படித்தான் இருக்கும் என்று அதையும் முகந்து ஊற்றினாள்.

ஆவணிக்குச் சில நாள்களே இருந்தன. கம்பெனிக்குப் போகும் வழியில், காட்டுக்கு நடுவே, வண்டி விக்கிற்று. இரண்டு முறை துள்ளியது, நின்றுவிட்டது. சாவியைத் திருகத் திருக இஞ்சின் முனகியதே தவிர உயிர்கொள்ளவில்லை. பெண்கள் இறங்கி வெயிலில் நின்றார்கள். சற்று நேரத்தில், ஜெயச்சந்திரன் சொல்லியிருந்த சிவகாசிக்காரரின் புது வண்டி பின்னால் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினான்.

"என்னக்கா, பரோட்டா தீஞ்சிருச்சா?"

ஒருத்தி சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டாள். வேலைக்கு நேரமாகிறது, ஏறாமல் என்ன செய்வார்கள்? ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். பொன்மணி மட்டும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"போக்கா. கூலி போயிரும்" என்றாள் முருகேஸ்வரி.

"போறேன். ஆனா சாயங்காலம் ஒன் வண்டியிலதான் வருவேன். வண்டி ஓடலைன்னா தள்ளிக்கிட்டு வருவேன், பாத்துக்க."

முனியராஜ் வந்து வடிகட்டியைக் கழற்றினான். அதற்குள் பிசின் போலப் பச்சை பூத்த வண்டல் அப்பிக்கிடந்தது. அதை விரலால் எடுத்துப் பார்த்தவன் இந்த முறை கேலி பேசவில்லை.

"மதினி, இத்தோட விட்டுருவோம். டேங்கக் கழுவி, பழையபடி டீசலே ஊத்திக்கிடுவோம். இது நமக்குச் சரிப்படாது."

"டீசல ஊத்தினா புகை. புகைன்னா தார்ரோட்டோட நிக்கணும். நின்னா நான் எங்க போவேன்னு ஒனக்குத் தெரியும்." அவள் அந்த வடிகட்டியைத் துணியில் சுற்றினாள். அவன் வண்டியைக் கட்டியிழுத்து வீட்டில் சேர்த்தபின், கொப்பரையில் மிஞ்சியிருந்ததில் கொஞ்சத்தைப் பாட்டிலில் அடைத்தாள். "டேங்கக் கழுவி வை. நான் விருதுநகர் போயிட்டு வாரேன்."

பஸ்ஸில் போகும் வழியெல்லாம், பிரீத்திகாவிடம் கேட்க வேண்டியதைக் கடுமையான சொற்களாகத் தேர்ந்து வைத்திருந்தாள். ஆனால் பிரீத்திகா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்ததும், அவள் வாய் திறப்பதற்குள் கேட்டாள்:

"அக்கா, இத எதுல வச்சிருந்தீக?"

"கொப்பரையில."

"செம்புக் கொப்பரையா?"

"பின்னே? தீப்பிடிக்கிற சாமானை இரும்பிலயா வைப்பாக?"

பிரீத்திகா சிரிக்கத் தொடங்கினாள். முருகேஸ்வரியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். செம்பும் பித்தளையும் இந்த எண்ணெய்க்கு ஆகா. காற்றோடும் வெக்கையோடும் சேர்ந்து அதை வெகு விரைவில் கெடுத்துவிடும். அந்தப் பச்சை, கொப்பரையிலிருந்தே கரைந்து வந்த செம்பு. இரும்பு அந்த அளவுக்குத் தீங்கு செய்யாது. "மருந்துக்கு இருக்கிற சட்டம் வேற, எண்ணெய்க்கு இருக்கிற சட்டம் வேறக்கா. இது சும்மா உரசினதுக்கெல்லாம் பத்திக்கிடாது. டீசலவிடக் கூடச் சூடு கேக்கும். டிரம்ல வைங்கன்னு சொன்னேனே ஒழிய, ஏன்னு சொல்லல. நீங்க எங்க வேலை பாத்தவுகன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

முருகேஸ்வரி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்ந்து வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட இப்போது பயன்படாது.

"வேற எது ஆகாது?" என்று கேட்டாள். "எல்லாத்தையும் சொல்லிரு தாயி. ஆகாததெல்லாம் முதல்ல."

பழைய ரப்பர்க் குழாய்கள் இளகிப்போகும் என்றாள் பிரீத்திகா, மாற்ற வேண்டும். நீர் சேரக் கூடாது. வாங்கியதை நெடுநாள் தேக்கக் கூடாது. முருகேஸ்வரி ஒவ்வொன்றையும் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொன்னாள். புது எண்ணெயோடு ஊர் திரும்பினாள்.

மறுநாள் காலையில், கொல்லையில் கிடந்த இரும்பு டிரம்மை உருட்டிவந்து கழுவிக் காயவைத்தாள். வேலைக்குக் கிளம்பி வந்த பொன்மணி, வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தாள். மூடியைத் திறக்க, முருகேஸ்வரி தன்னையறியாமல் மரக்கட்டையைத்தான் தேடி எடுத்தாள்.

"ஏடி, கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளையத் தொடுற மாதிரியில்ல தொடுற! நல்லாப் புடி!"

முருகேஸ்வரி கட்டையைக் கீழே போட்டாள். டிரம்மின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து அழுத்தினாள். வெயிலேறத் தொடங்கியிருந்த இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு, இரண்டு கைகளாலும் மூடியைப் பற்றித் திருகித் திறந்தாள். முனியராஜ் குழாய்களை மாற்றி, நாசில்களைத் துடைத்துப் பூட்டினான். கொப்பரை மீண்டும் பரணில் ஏறிற்று.

ஆவணி முதல் நாள். தார்ச்சாலையிலிருந்து பிரியும், செம்மண் கொட்டிய பாதை, ஓடையொன்றில் இறங்கி, அங்கிருந்து கம்பெனி வாசல்வரைக்கும் செங்குத்தாக ஏறும். ஓடைக்கு இப்பால், பாதையோரத்தில் ஜெயச்சந்திரன் நின்றிருந்தார். முருகேஸ்வரி வண்டியை நிறுத்தி, புகைச் சோதனை நிலையத்தில் வாங்கிய சான்றிதழை நீட்டினாள். அவர் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லதுதான். ஆனா இது நின்ன வண்டிக்குக் குடுத்தது. ஆளேத்தி மேட்டுல வரும்போது என்ன கக்குதுன்னுதான எனக்குத் தெரியணும்?"

"அதையேதான் அண்ணாச்சி நானும் சொல்ல வந்தேன். வெளிய நின்னு பாத்தா காத்து அடிச்சிட்டுப் போயிரும். உள்ள வாங்க. கடைசி சீட்டுல உக்காந்து வாங்க."

ஜெயச்சந்திரன் தம்முடைய வெள்ளைச் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

கடைசி இருக்கையிலிருந்து பானுப்பிரியா மெல்ல எழுந்தாள். "இந்த வாரம் என் முறை அண்ணாச்சி. ஒங்களுக்கு விட்டுத் தாரேன்."

அதற்குமேல் அவர் எப்படி மறுப்பார்? ஏறினார். பெண்கள் முழங்காலை ஒடுக்கி வழிவிட்டார்கள். பொன்மணி தன் முந்தானையால் அந்த இருக்கையைத் துடைப்பதுபோல் பாவனை செய்து, "பாத்து உக்காருங்க, கரி ஒட்டப்போவுது" என்றாள்.

வண்டி ஓடையில் இறங்கி, மேட்டைப் பற்றியது. பாதி ஏறியதும் இழுவை தளர்வதை முருகேஸ்வரி காலடியில் உணர்ந்தாள். பிரீத்திகா சொன்ன ஒரு பொட்டு இதுதான். முதல் கியருக்கு மாற்றினாள். வண்டி நடைபோடும் வேகத்துக்கு இறங்கியது. பின்னாலிருந்து ஜெயச்சந்திரன் குரல் கொடுத்தார்:

"அழுத்தும்மா, அழுத்து! நின்னுரப்போவுது!"

அழுத்தினால் விரைந்து ஏறும், எரிய முடியாத அளவுக்கு எண்ணெய் பாயும், புகையும் வரும். அழுத்தாவிட்டால் நின்றாலும் நிற்கலாம். முருகேஸ்வரி காலை இருந்த இடத்திலேயே வைத்திருந்தாள். இஞ்சின் தடதடத்தது. வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. முன்சக்கரம் உச்சியைத் தொட்டு, பின்சக்கரமும் வந்து சேர்ந்தது. வாசலுக்கு வெளியே போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டில் நிறுத்தி, இஞ்சினை அணைத்தாள். பிறகுதான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

ஜெயச்சந்திரன் இறங்கினார். இருமவில்லை. பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு, வேட்டி எடுக்க வந்தவர்கள் துணியைப் பார்ப்பதுபோல் அவர் சட்டையின் முதுகுப்புறத்தைப் பார்த்தார்கள். செம்பட்டையாய்க் கொஞ்சம் புழுதி ஒட்டியிருந்தது. கரி இல்லை. அவர் பின்னால் போய்க் கூண்டைக் கழற்றி, உட்புறத்தை விரலால் தடவினார். விரலைச் சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையில் துடைத்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

"மெதுவாத்தான் ஏறுது" என்றார்.

"ஏறுதா இல்லையா அண்ணாச்சி?"

அவர் கூண்டைத் திரும்ப மாட்டினார். "ஏறுது. தீபாவளி முடியிற வரைக்கும் ஓட்டு, பொறவு பாப்போம். மாசாமாசம் நான் ஏறிப் பாப்பேன்."

"வாங்க. சீட்டு இருக்கு."

அவர் வாசற்காரனைப் பார்த்துக் கையசைத்தார். தடுப்புக் கட்டை மேலே எழுந்தது. போகிற போக்கில், "காலையிலயே பசியக் கெளப்பிவிட்டுட்டியேம்மா" என்று முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது. பொன்மணி சிரித்த சிரிப்பில், அவளுடைய கொண்டையூசி தானாகவே கழன்று விழுந்தது.

பெண்கள் ஊக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, வரிசையாக உள்ளே போனார்கள். தொலைவில் அறைவாசல் தெரிந்தது. ஒவ்வொருத்தியும் செப்புத் தகட்டில் கை வைத்து நுழைவதை முருகேஸ்வரி ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பார்த்தாள். கடைசிப் பெண்ணும் நுழைந்தபின், சாவியைத் திருகி வண்டியைத் திருப்பினாள்.

அடுத்த திங்கட்கிழமை பொன்மணியின் முறை. அவள் கடைசி இருக்கைக்கு வந்து நின்றபோது, பானுப்பிரியா அங்கே காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

"எந்திரிடி. இந்த வாரம் என் சீட்டு."

"போங்க சித்தி. இங்கதான் கால் நீட்ட எடமிருக்கு. முறையெல்லாம் புகையோட போச்சு."

"அது எப்படிப் போகும்? முருகேசு, இத என்னன்னு கேளு!"

முருகேஸ்வரி கண்ணாடியில் கடைசி இருக்கையைப் பார்த்தாள்.

"நேரமாகுது. யாராவது ஒருத்தி உக்காருங்க" என்று சொல்லிக் கியரை மாற்றினாள்.